நாடகம் படித்த ஒன்பது பேர்

நாடகம் படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உடனே ஒரு சினிமா நடிகரின் பெயரைச் சொல்வார்கள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு வகுப்பில் பத்துப் பேர் படித்தால், திரையில் முகம் தெரிந்த அந்த ஒருவர்தான் துறையின் பெருமை. மற்ற ஒன்பது பேர் எங்கே? அவர்களில் சேரியிலிருந்து போனவர்கள் எத்தனை பேர்? நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், தோழர்களே.

புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையையே எடுத்துக்கொள்வோம். காலாப்பட்டில் இருக்கும் சிறிய துறை அது. சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரில் அமைந்த அந்த நிகழ்கலைப் பள்ளியைத் தொடக்கத்தில் நடத்தியவர் இந்திரா பார்த்தசாரதி. பின்னாளில் அதற்குத் தலைமை ஏற்றவர் கே.ஏ. குணசேகரன். சிவகங்கைப் பக்கம் மாரந்தையில் 1955இல் பிறந்தவர். நாட்டுப்புறப் பாடல்களை மேடையேற்றியவர். தமிழின் முதல் தலித் நாடகம் என்று சொல்லப்படும் 'பலி ஆடுக'ளை எழுதியவர். சாதி தன் பிள்ளைப்பருவத்தில் போட்ட தழும்புகளை 'வடு'வில் எழுதிவைத்துவிட்டு, 2016 ஜனவரியில் மறைந்தார்.

அந்த நாற்காலியில் நம்மவர் ஒருவர் உட்கார்ந்தார் என்று பெருமைப்படுகிறோம். படலாம். ஆனால் அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து படித்த நம் பிள்ளைகளுக்கு, வெளியே வந்தபிறகு என்ன நாற்காலி இருந்தது?

கல்லூரி வேலை என்பார்கள். நாடகத்துக்கு நெட் தேர்வு உண்டு, எழுதித் தேறுகிறார்கள். தேறியபின் போய்ச் சேரத் துறை வேண்டுமே. தமிழ்நாட்டில் நாடகத்துக்கெனத் துறை வைத்திருக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பள்ளிக்கூடம் என்பார்கள். 2012இல் தமிழக அரசு 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் சம்பளம். உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி என்று பட்டியல் போனது. நாடகம் அதில் இல்லை. அந்த அரைவயிற்றுச் சம்பளத்துக்குக்கூட நாடகம் படித்தவன் தகுதியில்லாதவன்.

மிச்சம் சினிமா. அங்கே திறமை மட்டும் இருந்தால் போதாது, காத்திருக்க முடிய வேண்டும். சமூகவியல் வகுப்பில் பண்பாட்டு மூலதனம் என்று பக்கம் பக்கமாகப் படித்தோம். சென்னையில் ஒரு தோழரின் அறையில் அது எங்களுக்கு ஒரே நாளில் புரிந்தது. கூடப் படித்தவனுக்கு நகரத்தில் சொந்த வீடு. ஐந்து வருடம் வாய்ப்புத் தேடினாலும் அவனுக்குச் சோறு உண்டு. நம் தோழர் மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். அவருக்கு இரண்டே வேடங்கள் வந்தன, இரண்டும் அடியாள். நிறத்தைப் பார்த்தே கொடுத்த வேடங்கள், வசனம் கிடையாது. இரண்டாம் வருடம் அவர் ஊருக்குத் திரும்பினார். துறையின் கணக்கில் அவர் 'தோற்றவர்'.

அப்படித் தோற்றவர் இப்போது என்ன செய்கிறார்? மாலைநேரப் பாடசாலையில் பிள்ளைகளை வைத்து நாடகம் போடுகிறார். வாத்தியாரைக் கண்டாலே ஒடுங்குகிற பிள்ளை, அந்த நாடகத்தில் ஊராட்சித் தலைவராக நின்று எல்லோரையும் அதட்டுகிறது. பள்ளியை விட்டு நின்றுபோன இரண்டு பெண்பிள்ளைகள் நாடகத்துக்காக வந்து, பிறகு பள்ளிக்கும் போனார்கள். நாங்கள் வீடுவீடாக ஏறி இறங்கிச் செய்ய முடியாத வேலை அது. இந்த வேலைக்கு அரசிடம் பணியிடமும் இல்லை, பதவிப்பெயரும் இல்லை. தொண்டு நிறுவனங்களோ இதைத் திட்டக்காலம் முடியும்வரை 'விழிப்புணர்வு' என்று எழுதிக்கொள்கின்றன.

நாடக ஆசிரியர் பணியிடத்தை அரசுப் பள்ளிகளில், முதலில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் உருவாக்கு என்று ஏன் ஒரு மாணவர் அமைப்பும் முழங்கவில்லை? இட ஒதுக்கீட்டுக்காக நாம் தெருவில் இறங்குகிறோம், சரிதான். பணியிடமே இல்லாத இடத்தில் எதை ஒதுக்குவது?

இதில் நாமும் யோக்கியர்கள் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய். ஏப்ரல் 14 வந்தால் பறை வேண்டும், வீதி நாடகம் வேண்டும் என்று நாம் யாரைக் கூப்பிடுகிறோம்? இவர்களைத்தான். பேசுகிறவருக்குக் காரும் சால்வையும், ஆடுகிறவருக்குப் பேருந்துக் காசும் பொட்டலச் சோறும். 'இயக்கத்துக்காகத்தானே தோழர்' என்று தோளில் தட்டி அனுப்புகிறோம். தாத்தனைச் சாவுக்கு அடிக்கக் கூப்பிட்ட ஊர், குறைந்தபட்சம் நெல்லாவது அளந்தது. முதுகலை படித்த பேரனுக்கு நாம் அதையும் அளப்பதில்லை.

போன கூட்டத்துக்கு அந்தத் தோழரோடு சேர்த்து ஆறு பேர் வந்து நாடகம் போட்டார்கள். ஆளுக்கு 500 என்று பேசி, மொத்தம் 3,000 ரூபாய். அதை நாங்கள் இன்னும் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.