இரண்டு சுற்று இறகு



பெரம்பலூர், அரியலூர் பகுதிகளின் மானாவாரிக் கொல்லைகளில் விடியற்காலையில் எழும் கௌதாரியின் குரலை நீங்கள் நன்கறிவீர்கள். அதைப்போன்றே நம் தமிழகத்து மலைக்காடுகளில் சாம்பல்நிறக் காட்டுச்சேவலும் வாழ்கின்றது. இத்தகைய பறவைகளின் இறகுக்கும், நம் ஊர் நீர்நிலை எதிலும் வாழாத ஒரு மீனுக்கும் நெடுநாளைய தொடர்பு உண்டு.

அம்மீனின் பெயர் டிரவுட். குளிர்ந்த, ஓடும் நீரே அதன் இருப்பிடம். மருதையாற்றின் வெப்பத்தை அது தாங்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சிஸ் டே என்பார் அதனை நீலகிரிக்குக் கொணர முயன்றார், கைகூடவில்லை. 1907-இல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைத்த பிறகே அவ்வினம் அங்கே நிலைபெற்றது.

நீருக்கடியில் வளரும் பூச்சிகள், இறக்கை முளைத்துப் பறப்பதற்காக மேலெழும் வேளையில் டிரவுட் அவற்றைக் கவ்வி உண்ணும். அப்பூச்சியைப் போன்று தோன்றுமாறு தூண்டில் முள்ளில் இறகு கட்டுவது ஒரு கலை. மாசிடோனிய நாட்டு மீனவர்கள் முள்ளில் சிவந்த கம்பளி நூலைச் சுற்றிச் சேவலின் இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டியதை, ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்னரே ஈலியன் என்பவர் எழுதி வைத்துள்ளார்.

கட்டும் முறை எளியது. சிறிய முள்ளின் தண்டில் பட்டுநூலை மெல்லியதாகச் சுற்ற வேண்டும். காதுக்கு அருகில் மென்மையான இறகொன்றை இரண்டே சுற்றுச் சுற்றி முடிச்சிட வேண்டும். மிகுதியாகச் சுற்றினால் இறகிழைகள் அசையா. ஓடையின் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி எறிந்து, நீரோட்டம் இழுத்துச் செல்ல விட்டால், அவ்விழைகள் பூச்சியின் கால்களைப்போல் துடிக்கும். சேவலின் கழுத்திறகு விறைப்பானது; மிதக்கும் தூண்டிலுக்கே அது ஏற்றது. நீருக்குள் அசைவதற்குப் பெட்டைக்கோழியின் இறகே உகந்தது.

இங்கே நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுள்ளது. காட்டுச்சேவலின் கழுத்திறகில் மெழுகுத் துளிபோன்ற புள்ளிகள் மின்னும். அந்த அழகே அதற்குப் பகையாயிற்று. தூண்டில் கட்டுவதற்கென்றே அதன் கழுத்துத் தோல்கள் கடல் கடந்து சென்றன. ஆங்கிலேயர் தம் நாட்டுக் கௌதாரியின் இறகையும் விரும்பிக் கட்டினர். இன்று 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் காட்டுச்சேவலுக்கும் கௌதாரிக்கும் அரணாக நிற்கின்றது. ஆயினும் கொல்லைகளில் கண்ணி வைப்பது முற்றிலும் ஒழிந்தபாடில்லை.

மீனை ஈர்ப்பது இறகின் விலையன்று, அதன் மென்மையே. அம்மென்மை, நம் வீட்டில் அறுத்த கோழியோடு குப்பைக்குச் செல்லும் இறகிலேயே இருக்கின்றது. ஆகவே பெற்றோர்களே, விடுமுறை நாட்களில் பிள்ளைகளிடம் அவ்விறகையும் ஒரு நூலையும் கொடுத்துக் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கூர்முனையைத் தாங்களே மழுக்கிக் கொடுங்கள். கண்ணியோடு கொல்லைக்குச் செல்லும் பிள்ளையைக் கண்டால், அன்போடு தடுத்து நிறுத்துங்கள்.