வீங்கியதை மாற்றினால் போதுமா?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு)

நண்பர்களே, முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவின் ஆம்ப்ளிபயரை போன வருடம் நான்தான் ரிப்பேர் செய்து கொடுத்தேன். சரியாக 24-ஆவது நாள் அது வெடித்தது.

வெடித்தது என்றால் பெரிய வெடி இல்லை. 'டப்'பென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, மீன் கெட்டுப்போன மாதிரி ஒரு நாற்றம். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்திருந்த இரண்டு பேர் வெளியே ஓடிவிட்டார்களாம். சாயங்காலம் நான் காலேஜ் விட்டு வரும்போது அக்கா கடை வாசலிலேயே நின்றிருந்தார். திட்டவில்லை. "என்ன தம்பி, டிப்ளமோ படிக்கிறேன்னு சொன்னியே?" என்று மட்டும் கேட்டார். அதைவிட நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

அந்த செட்டைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு உடனே பிடிபடும். ஏனென்றால் நம்மில் பாதிப்பேர் வீட்டில் அதன் அண்ணனோ தம்பியோ இருக்கும். தகரப் பெட்டி. உள்ளே ஒரு 4440 போர்டு. 12-0-12 டிரான்ஸ்பார்மர், இரண்டு 5408 டயோடு, பில்டருக்கு ஒரு 4700 மைக்ரோபாரட் கண்டென்சர், ஸ்பீக்கருக்குப் போகிற வழியில் இரண்டு 1000 மைக்ரோபாரட். முன்னால் ஒரு யு.எஸ்.பி. பிளேயர். காலை ஒன்பது மணிக்கு மெஷினோடு சேர்த்துப் பாட்டையும் போட்டால் இரவு எட்டுக்குத்தான் நிறுத்துவார். தனியாக உட்கார்ந்து தைக்கிறவருக்கு அதுதான் பேச்சுத்துணை. (4440 ஐ.சி.யை முதலில் செய்த சான்யோவின் செமிகண்டக்டர் பிரிவு 2011-இலேயே ஒரு அமெரிக்க கம்பெனி கைக்குப் போய்விட்டது. ஆனாலும் 4440 என்று அச்சடித்த ஐ.சி. நம் கடைகளில் இன்றைக்கும் குறைவில்லாமல் கிடைக்கிறது. யார் செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள்!)

பாட்டோடு சேர்ந்து 'ம்ம்ம்' என்று ஒரு ஹம் வருகிறது என்று சொல்லித்தான் என்னிடம் கொடுத்தார். அதற்கு முன்பு இரண்டு தடவை ஒரு கடையில் காசு கொடுத்துச் சரி செய்திருக்கிறார். ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு தடவை. மூடியைக் கழற்றினேன். பில்டர் கண்டென்சரின் தலை உப்பியிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்! டாக்டருக்குப் படித்தவன் முதல் நோயாளியைப் பார்த்த மாதிரி. செத்துப்போனது 4700, 25 வோல்ட். பார்ட்ஸ் கடையில் அன்றைக்கு 25 வோல்ட் இல்லை. "16 வோல்ட்தான் இருக்கு, போடலாம், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். நானும், '12 வோல்ட் செட்டுதானே, 16 தாராளம்' என்று வாங்கி வந்து சால்டர் செய்தேன். ஹம் போயிற்று. அக்கா டீ வாங்கிக் கொடுத்தார்.

இங்கேதான் நண்பர்களே, வெட்கப்பட வேண்டிய இடம்.

12 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் 12 பெருக்கல் 1.414, அதாவது கிட்டத்தட்ட 17. டயோடுக்கு 0.7 கழித்தால் 16.3. இதை நான் பரீட்சையில் எழுதி இரண்டு மார்க் முழுதாக வாங்கியிருக்கிறேன். படம் போட்டு, அம்புக்குறி போட்டு! அதே கையால் 16 வோல்ட் கண்டென்சரை வைத்திருக்கிறேன். இரண்டாவது தடவை மூடியைத் திறந்தபோதுதான் மல்ட்டிமீட்டரை எடுத்து அளந்தேன். இரவு நேரம், எங்கள் தெருவில் கரண்ட் 245 வோல்ட் வரை ஏறியிருந்தது. வால்யூம் குறைவாக இருக்கும்போது சின்ன டிரான்ஸ்பார்மர் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகவே கொடுக்கும். பில்டரில் 18.7 வோல்ட்! 16 வோல்ட் தாங்குகிற கண்டென்சர் 24 நாள் தாங்கியதே அதன் பெருந்தன்மை.

சரி, என் முட்டாள்தனம் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பு செத்தது 25 வோல்ட் கண்டென்சர் ஆயிற்றே, அது ஏன் வருடா வருடம் செத்தது? அதற்கு மீட்டர் தேவைப்படவில்லை, விரல் போதும். ஐ.சி.யின் ஹீட் சிங்க்கும் அந்தக் கண்டென்சரும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒரு மணி நேரம் பாடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, மிச்சமிருக்கிற சார்ஜை இறக்கிவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். கையை வைத்திருக்க முடியவில்லை.

எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குள் இருப்பது இரண்டு அலுமினியத் தகடு, நடுவில் ஒரு திரவத்தில் நனைந்த காகிதம். அந்த ஈரம் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். சூடு ஏற ஏற ஈரம் அடியிலுள்ள ரப்பர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. உள்ளே வாயு சேர்ந்தால் தலை உப்புகிறது. தலையில் கீறல் போட்டிருப்பதே, அழுத்தம் மீறினால் டப்பா பறக்காமல் அந்த இடத்தில் பிளக்கட்டும் என்பதற்காகத்தான். தோராயமான கணக்கு ஒன்று உண்டு: 10 டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு. '85 டிகிரி, 2000 மணி நேரம்' என்ற சரக்கை 75 டிகிரியில் வைத்தால் 4000 மணி நேரம். அக்காவின் கடையில் ஒரு நாளைக்கு 11 மணி நேரம் பாட்டு ஓடுகிறது. வகுத்துப் பாருங்கள், 363 நாள்! வருடத்துக்கு ஒரு ரிப்பேர் என்பது விதி அல்ல, வகுத்தல் கணக்கு. அதே இடத்தில் 105 டிகிரி, 2000 மணி நேரக் கண்டென்சரை வைத்திருந்தால் 16,000 மணி நேரம், சுமார் நாலு வருடம். விலை வித்தியாசம் ஒரு டீ காசு.

இன்னும் ஒன்று பாக்கி. டேட்டா ஷீட் 4440-க்குச் சொல்கிற வோல்டேஜ் 13.2. கார் செட்டுக்காகச் செய்த ஐ.சி. அது. 18 வோல்ட் என்பது வேலை செய்யும்போது தாண்டக்கூடாத எல்லை. அதற்குப் போய் 12-0-12 டிரான்ஸ்பார்மர் வைத்தால் ஐ.சி. கொதிக்காமல் என்ன செய்யும்? 9-0-9 வைத்தால் கணக்குக்கு 12 வோல்ட், லோடு குறைவாக இருக்கும்போது 14 பக்கம். கச்சிதம்! '12 வோல்ட் ஐ.சி.க்கு 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர்' என்று முதலில் அசெம்பிள் செய்தவரும் என்னைப் போலவே 1.414-ஐ மறந்திருக்கிறார். அந்த மறதி ஐ.சி.யைச் சூடாக்கி, ஐ.சி. ஹீட் சிங்க்கைச் சூடாக்கி, ஹீட் சிங்க் கண்டென்சரைக் கொன்று, கடைசியில் பில் அக்காவுக்கு வந்திருக்கிறது.

அதனால் என் கருத்து இதுதான். வீங்கின கண்டென்சரைக் கழற்றி அதே மாதிரி இன்னொன்றை வைப்பதற்கு டிப்ளமோ தேவையில்லை. சால்டரிங் அயர்னும் பத்து நாள் பழக்கமும் போதும். 'ஏன் வீங்கினாய்?' என்று கேட்பதற்குத்தான் நம்மை மூன்று வருடம் உட்கார வைத்துப் படிக்க வைக்கிறார்கள். அதைக் கேட்காமல் காசு வாங்குவது அரைகுறை வேலைக்கு முழுக் கூலி வாங்குவது.

இதை நான் லீவில் வேலை பார்த்த ரிப்பேர் கடை அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "தம்பி, அஞ்சு நிமிஷ வேலைக்கு அரை மணி நேரம் யோசிச்சா கடை வாடகையை யாரு குடுப்பா? வீங்கினதை மாத்து, அனுப்பு. அடுத்த செட்டு வெயிட்டிங்." அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. யோசித்ததற்குக் கூலி என்று பில் போட்டால் கொடுக்க ஆள் இல்லை. ஆனால் அவரிடம் இருபது வருடக் கை இருக்கிறது, நம்மிடம் புத்தகமாவது இருக்க வேண்டாமா?

வகுப்புத் தோழன் ஒருவன் வேறு மாதிரி சொன்னான். "ஏன்டா இந்தப் பழைய செட்டைக் கட்டி அழுவுற? புதுசா புளூடூத் போர்டு விக்குது, வாங்கி மாட்டிட்டுப் போடா." வாஸ்தவம்தான். அந்த கிளாஸ்-டி போர்டுகள் சூடும் குறைவு, விலையும் குறைவு. ஆனால் அவற்றிலும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்தான் நிற்கிறது. 2000-களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் மதர்போர்டுகளே கூட்டம் கூட்டமாகக் கண்டென்சர் வீங்கிச் செத்தன. தரம் கெட்ட திரவம்தான் காரணம். போர்டு புதிதானால் மட்டும் கேள்வி பழசாகிவிடாது.

வீங்கினதை மட்டும் தேடுகிற பழக்கத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வீங்காமலே செத்துப் போகிற கண்டென்சர்கள்தான் அதிகம் ஏமாற்றுகின்றன. ஸ்பீக்கர் வழியிலுள்ள 1000 மைக்ரோபாரட் 4 ஓம் ஸ்பீக்கரோடு சேர்ந்தால் ஏறக்குறைய 40 ஹெர்ட்ஸ் வரை பேஸ் இறங்கும். அது காய்ந்து 200 ஆகிவிட்டால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி தேயத் தொடங்கிவிடும். பேஸ் போச்சு என்று ஸ்பீக்கரை மாற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே கண்டென்சர் ஷார்ட் ஆனாலோ இன்னும் மோசம். சப்ளையில் பாதி வோல்டேஜ் நேராக ஸ்பீக்கரில் இறங்கி காயிலைக் கருக்கிவிடும். மல்ட்டிமீட்டரில் கெப்பாசிட்டி பார்த்தால் 4700-க்கு 4100 காட்டும், நல்லாத்தானே இருக்கு என்போம். உள்ளே இருக்கிற சீரீஸ் ரெசிஸ்டன்ஸ் ஏறியிருப்பது அதில் தெரியாது. நல்ல 4700-க்கு அது ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அது ஏறினால் கண்டென்சர் தானே தன்னைச் சூடாக்கிக்கொள்ளும். கண்டென்சர் அடியில் பழுப்பாக இருப்பதெல்லாம் கசிவும் இல்லை, பல சமயம் பாக்டரியில் ஆடாமல் இருக்கப் பூசின பசை. (ஆனால் அந்தப் பசையும் பழசாகிக் கறுத்தால் காலை அரிக்கும். சுரண்டி எடுத்துவிடுங்கள்.) அப்புறம் லேபிளை நம்பாதீர்கள். பெரிய டப்பாவுக்குள் சின்ன டப்பாவை வைத்து மேலே பெரிய நம்பரை ஒட்டிய சரக்கும் மார்க்கெட்டில் உலவுகிறது. கையில் எடுத்தால் எடையிலேயே சந்தேகம் வரும்.

கடைசியில் அக்காவின் செட்டை என்ன செய்தேன்? போர்டில் வழிந்திருந்த திரவத்தை ஸ்பிரிட்டும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துத் துடைத்தேன். அதை விட்டுவிட்டால் செம்புக் கோட்டை அரித்துவிடும். பழைய டிரான்ஸ்பார்மரைக் கழற்றிவிட்டு 9-0-9 வைத்தேன். 4700, 35 வோல்ட், 105 டிகிரி கண்டென்சரை ஹீட் சிங்க் பக்கமிருந்து எதிர் மூலைக்கு மாற்றினேன். பில்டர் நல்லது என்று சிலர் 10,000, 22,000 என்று ஏற்றுவார்கள். ஆன் செய்கிற நேரம் டயோடுதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும், நான் ஏற்றவில்லை. பெட்டியின் பின்பக்கம் டிரில் போட்டுக் காற்றுக்கு வழி விட்டேன். சத்தம் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு. "குறைஞ்சா நல்லதுதான், கஸ்டமர் பேசுறது காதுல விழுது" என்றார் அக்கா. டிரான்ஸ்பார்மர் காசை வாங்க நான் மறுத்தேன், அவர் விடவில்லை.

இனி நம் லேபுக்கு வருகிறேன். சார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மூன்று வருடத்தில் நாம் தொட்ட கண்டென்சர் எல்லாம் புத்தம் புதுசு. செத்த கண்டென்சர் ஒன்றை ஒரு பிராக்டிகலிலாவது அறுத்துப் பார்த்திருக்கிறோமா? சீனியர் ரெக்கார்டைப் பார்த்து கிராப் வரைந்ததோடு சரி. சார்ஜ் இறக்கச் சொன்னால் இன்றைக்கும் நம்மில் பலர் ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்க விடுகிறோம். 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை மூன்று விநாடி பிடித்தால் 4700 சத்தமில்லாமல் இறங்கிவிடும். டைம் கான்ஸ்டன்ட் என்று படித்தது இதற்குத்தானே?

மாணவர் மன்றத்துக்கு என் கோரிக்கை இரண்டு. இந்த வருட நிதியில் லேபுக்கு ஒரு ஈ.எஸ்.ஆர். மீட்டர் வாங்கிக் கொடுங்கள். இரண்டாவது, லேப் மூலையில் ஒரு டப்பா வையுங்கள். ரிப்பேரில் கழற்றின செத்த பாகங்களை எல்லாரும் அதில் போட வேண்டும், கூடவே ஒரு துண்டுச் சீட்டில் எந்த செட், எங்கே இருந்தது, எத்தனை வோல்ட், ஏன் செத்தது என்று நாம் நினைப்பது. தப்பாக எழுதினாலும் பரவாயில்லை, அடுத்தவன் திருத்தட்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. டப்பாகூட நான் போன வாரமே செயலாளரிடம் கொடுத்துவிட்டேன், பழைய பிஸ்கட் டப்பாதான். அக்காவின் இரண்டு கண்டென்சர்களும் சீட்டோடு அதற்குள் கிடக்கின்றன. 16 வோல்ட் கண்டென்சரின் சீட்டில் காரணம் என்ற இடத்தில் என் ரோல் நம்பரை எழுதியிருக்கிறேன்.