கைராசியும் கடிகாரமும்

மதுரையில் ஒரு மருத்துவரைப் புகழ்வதற்கு நம்மவர்களிடம் உள்ள ஆகப்பெரிய சொல் 'கைராசி'. பிரசவத்துக்கும் பல் பிடுங்குவதற்கும் கைராசி பார்த்து வந்த சமூகம் இப்போது இதயத்துக்கும் அதையே பார்க்கிறது. 'அவர் கை பட்டால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவான்' என்ற வாசகத்தைக் கேட்காதவர் குறைவு. விளம்பரப் பலகைகள் இந்த நம்பிக்கையையே எண்களாக்கிச் சொல்கின்றன: இத்தனை ஆண்டு அனுபவம், இத்தனை ஆயிரம் ஆஞ்சியோபிளாஸ்டி. சிற்றிதழ்க்காரர்களும் இதற்கு விலக்கல்லர். மாரடைப்பிலிருந்து மீண்ட எழுத்தாளர் தம் மருத்துவரைத் தெய்வமாக்கி எழுதும் கட்டுரை, ஓர் இலக்கிய வகைமையாகவே நம்மிடம் நிலைபெற்றுவிட்டது.

நன்றியுணர்ச்சியை நான் பழிக்கவில்லை. ஆனால் இந்த வகைமை ஓர் உண்மையைத் தொடர்ந்து மறைத்து வருகிறது. மாரடைப்பு கண்ட ஒருவர் பிழைப்பாரா மாட்டாரா என்பதில் பெரும்பகுதி, அந்தப் புகழ்பெற்ற கை அவர்மேல் படுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. தீர்மானிப்பது கடிகாரம். கடிகாரத்தைப் பற்றி எவரும் புகழுரை எழுதுவதில்லை. அதனால் அதைப் பற்றி எவரும் கேள்வியும் கேட்பதில்லை.

நடப்பது இதுதான். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியின் உட்சுவரில் பல ஆண்டுகளாகப் படிந்த கொழுப்புத் திட்டு ஒருநாள் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. அரை மணி நேரத்துக்குள் தசை சாகத் தொடங்குகிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் காப்பாற்றத்தக்கது அநேகமாக ஏதும் மிஞ்சுவதில்லை. அடைப்பைத் திறக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 1977இல் சூரிச் நகரில் ஆந்திரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலில் செய்துகாட்டிய ஆஞ்சியோபிளாஸ்டி. கைராசிக் கதைகள் அனைத்தும் இதைச் சுற்றியே எழுகின்றன. மற்றொன்று, உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசி மருந்து. ஸ்ட்ரெப்டோகைனேஸ் அத்தகையது, பின்னர் வந்த டெனெக்டெப்ளேஸை ஒரே ஊசியில் செலுத்திவிடலாம். 1988இல் வெளிவந்த ஐசிஸ்-2 ஆய்வு பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்தது. ஒரு தேநீரின் விலைகூடப் பெறாத ஆஸ்பிரினும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்ந்து, முதல் ஐந்து வாரச் சாவுகளை நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் குறைத்தன.

இந்த இரண்டாம் வழிக்குப் புகழ்பெற்ற கை எதுவும் வேண்டியதில்லை. ஓர் ஈசிஜி கருவி, அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர், கையிருப்பில் மருந்து, மருந்தைச் செலுத்தும் துணிவுள்ள ஓர் எம்.பி.பி.எஸ். மருத்துவர், இரத்தக்கசிவு போன்ற பக்கவிளைவைக் கவனிக்க ஒரு செவிலியர் ஆகியன போதும். சிகிச்சையின் பலனோ, வலி தொடங்கிய முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கிறது.

இனி நம் நாட்டின் கணக்கைப் பார்ப்போம். 2008இல் 'லான்செட்' இதழில் 'கிரியேட்' என்ற பெயரில் ஓர் ஆய்வு வெளியானது. இந்தியாவின் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளைச் சேர்ந்த 20,468 நோயாளிகளின் பதிவு அது. வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனையை அடைய ஆன இடைநிலை நேரம் 360 நிமிடங்கள், அதாவது ஆறு மணி நேரம். முப்பது நாட்களுக்குள் இறந்தோர் செல்வரில் நூற்றுக்கு 5.5 பேர், ஏழையரில் 8.2 பேர். இதைவிடக் கூர்ந்து நோக்க வேண்டியது அடுத்த முடிவு. ஏழைக்கும் செல்வருக்கும் கிடைத்த சிகிச்சையின் வேறுபாட்டைக் கணக்கிலிருந்து நீக்கிப் பார்த்தபோது, சாவு விகிதத்தின் வேறுபாடும் மறைந்துபோயிற்று. ஏழையின் இதயம் வேறு தசையால் ஆனதில்லை என்பதை ஒரு புள்ளிவிவரம் இதற்குமேல் தெளிவாகச் சொல்ல முடியாது.

அந்த ஆறு மணி நேரம் எங்கே போகிறது? உசிலம்பட்டிக்கு அப்பால் உள்ள எழுமலையிலிருந்து மதுரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். எந்த வண்டியில் வந்தாலும் இரண்டு மணி நேரம் தாண்டாது. மிச்ச நேரத்தைத் தின்பது சாலை அன்று. நெஞ்சில் பாரமாக இருக்கிறது என்றதும் வீடு அதற்கு 'வாயு' என்று பெயர் வைக்கிறது. சோடா வருகிறது, ஓமத் தண்ணீர் வருகிறது, பெருங்காயம் வருகிறது. இரவாக இருந்தால் விடியட்டும் என்கிறார்கள். பெண்ணாக இருந்தால் அவளே விடியட்டும் என்கிறாள். வண்டிக்கும் முன்பணத்துக்கும் நகை கைமாறுகிறது. பக்கத்து ஊர் கிளினிக்கில் 'கேஸு'க்கு ஓர் ஊசி போடப்படுகிறது. அதன் பிறகுதான் தாலுகா மருத்துவமனை. அங்கே பல நேரம் கிடைப்பது, 'மதுரைக்குக் கொண்டுபோயிருங்க' என்ற ஒற்றை வாக்கியம். மதுரைக்குள் நுழைந்த பின்பும் ஒரு தனியார் வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு அலைந்து, பணம் போதாதென்று தெரிந்த பிறகு பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் உண்டு. மேலூர்ப் பக்கமும் பேரையூர்ப் பக்கமும் ஊர்ப் பெயர்கள் மாறலாம்; வரிசை மாறுவதில்லை.

இந்த இடத்தில் எழுதுகிறவர்களாகிய நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் கதைகளிலும் திரைப்படங்களிலும் மாரடைப்பு எப்படி வருகிறது? கடிதம் வருகிறது, அல்லது மகள் ஓடிப்போன செய்தி வருகிறது. தகப்பனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறார். ஒரு பாத்திரத்தை விரைவாக அப்புறப்படுத்தக் கதாசிரியனுக்குக் கிடைத்த வசதி அது. நம் எழுத்தில் மாரடைப்பு ஒரு கணம். மதுரைச் சமவெளியில் அது ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரத்துக்குள் வறுமை இருக்கிறது, கடன் இருக்கிறது, பெண்ணின் வலிக்குக் குடும்பம் தரும் மதிப்பு இருக்கிறது. ஒரு நாவலுக்கு வேண்டியது அனைத்தும் அங்கே கிடக்க, நாம் அந்தச் சரிகிற காட்சியையே திரும்பத் திரும்ப எழுதினோம். விளைவு வெறும் அழகியல் குறைபாடு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழ வேண்டும் என்று நம்பப் பழகிய வாசகன், தான் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கும் வரை அதை வாயு என்றே எண்ணிக்கொள்கிறான். இடது கையிலும் தாடையிலும் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றை அவனுக்கு நாம் சொல்லித்தரவே இல்லை.

கைராசிக் கோட்பாட்டை மறுக்க மதுரைக்கு வெளியே சான்று தேட வேண்டியதில்லை. மதுரை உலகுக்குத் தந்த மிகப் புகழ்பெற்ற மருத்துவக் கை, முடக்குவாதத்தால் வளைந்துபோன கை. கோ. வெங்கடசாமி கோணிப்போன அந்த விரல்களுக்கேற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அது மட்டுமே அவருடைய சாதனை என்றால் 2006இல் அவர் மறைந்தபோது அதுவும் மறைந்திருக்கும். 1976இல் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் அவர் தம் கையை நம்பாமல் ஒரு முறைமையைக் கட்டினார். கிராமத்துக்குப் போய் நோயாளியை அழைத்துவருவது, அறுவை தவிர்ந்த வேலைகளையெல்லாம் பயிற்சி பெற்ற பெண்களிடம் ஒப்படைப்பது, 1992இல் ஆரோலேப் தொடங்கிக் கண்ணுக்குள் வைக்கும் வில்லையை உள்ளூரிலேயே மலிவாகச் செய்வது என்பன அதன் பகுதிகள். எந்த மருத்துவர் அன்று பணியில் இருந்தாலும் நோயாளிக்கு ஒரே தரம் கிடைக்கும்படி செய்ததுதான் அவருடைய ராசி.

'அப்படியானால் இதயத்துக்கும் முகாம் நடத்தலாமே' என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒரு சொல். கண்புரை காத்திருக்கும்; அடுத்த மாத முகாம் வரை காத்திருக்கும். அடைபட்ட தமனி காத்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஈசிஜி எடுத்து, கூட்டத்தில் சிலரைத் தம் மருத்துவமனைக்கு வரச்சொல்லும் இலவச இதய முகாம்கள் அரவிந்தின் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டவை. எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் உள்ளீட்டை. சிகிச்சை நோயாளி இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். இதயத்தைப் பொறுத்தவரை அது மாதம் ஒருமுறை போதாது, எல்லா இரவுகளிலும் அங்கே இருக்க வேண்டும்.

இது கற்பனை என்று எவரும் தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முள்ளசாரி ஆகியோரும் உடன் பணியாற்றியவர்களும் 2012 முதல் 2014 வரை நடத்திய டி.என்.-ஸ்டெமி திட்டத்தில், சிறிய மருத்துவமனைகள் ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைக்கப்பட்டன. தொலைவில் இருப்பவருக்கு அங்கேயே ஊசி மருந்து; பிறகு 2008இல் தொடங்கிய 108 ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்குப் பயணம்; ஏழைகளுக்கு அரசு காப்பீடு. 2,420 நோயாளிகளைக் கொண்ட இந்த ஆய்வு 2017இல் ஜாமா கார்டியாலஜி இதழில் வெளியானது. ஓராண்டுக்குள் இறப்போர் விகிதம் 17.6லிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்திருந்தது. புதிய மருந்தும் இல்லை, புதிய கருவியும் இல்லை. இருந்தவற்றை ஒழுங்காகக் கோத்ததற்குக் கிடைத்த உயிர்கள் இவை. 2023இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டமும் இதே திசையில் ஓரடி: ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடார்வாஸ்டாடின் என மூன்று மருந்துகளின் முதல் தவணை, மொத்தம் 14 மாத்திரைகள், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலுமே தரப்படுகிறது. நல்லது. ஆனால் முழுவதும் அடைபட்ட தமனியை மாத்திரை மட்டும் திறந்துவிடாது. மாத்திரைக்குப் பின் ஈசிஜியும் ஊசியும் எத்தனை நிமிடத்தில் வந்தன என்பதே அடுத்த கேள்வி.

கைராசி வழிபாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு; அது பணத்தின் முகம். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்டின் விலைக்கு 29,600 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. அதற்கு முன் நோயாளி கொடுத்தது சராசரியாக ஒரு இலட்சத்து இருபதாயிரத்தை ஒட்டி. இறக்குமதி விலைக்கும் நோயாளியின் ரசீதுக்கும் இடையில் பெருந்தொகை மருத்துவமனைகளிடமே தங்கியது என்பது ஆணையமே வெளியிட்ட கணக்கு. அந்த ஆண்டுகளில் நாம் எழுதிய நன்றிக் கட்டுரைகள் எதிலும் இந்தக் கணக்கு இல்லை. மேலும், மாரடைப்பின்போது உயிர்காக்கும் ஸ்டென்ட், நடக்கும்போது மட்டும் நெஞ்சு வலிக்கும் நிலையான நோயாளிக்குச் சாவைத் தள்ளிப்போடுவதில்லை என்பதை 2007இன் கரேஜ் ஆய்வும், ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு 2020இல் வெளிவந்த இஸ்கீமியா ஆய்வும் காட்டின. பெரும்பாலோருக்கு முதலில் வேண்டியது ஒழுங்கான மருந்தும் பழக்க மாற்றமும். வலி அடங்காதவருக்கு ஸ்டென்ட் துணைசெய்யும். இதைப் பொறுமையாக விளக்கி, 'உங்களுக்கு இது தேவையில்லை' என்று திருப்பி அனுப்புகிறவரே அனுபவம் முதிர்ந்த இதய மருத்துவர். அப்படித் திருப்பி அனுப்பியவர்களின் எண்ணிக்கையை எந்தப் பலகையாவது எழுதியிருக்கிறதா?

நிபுணத்துவத்தை நான் இழிவுபடுத்துவதாகச் சிலர் சொல்லக்கூடும். கோரிப்பாளையத்திலோ கே.கே. நகரிலோ வலி வந்தால் நேராக ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் போவதே சிறந்தது; தேர்ந்த கைக்கும் தேராத கைக்கும் அங்கே வேறுபாடு உண்டு. வாசலில் நுழைந்த தொண்ணூறு நிமிடத்துக்குள் அடைப்பு திறக்கப்பட வேண்டும் என்பதே அங்கும் அளவுகோல். ஆக, நிபுணரின் திறமையையும் நாம் கடிகாரத்தை வைத்தே அளக்க வேண்டியிருக்கிறது. வீடு திரும்பிய பிறகும் இதே கதைதான். 2011இல் வெளியான ப்யூர் ஆய்வு, இந்தியா உள்ளிட்ட குறைவருவாய் நாடுகளில் இதயநோயோ பக்கவாதமோ கண்டவர்களில் எண்பது விழுக்காட்டினர் அடுத்த தாக்குதலைத் தடுக்கும் நான்கு வகை மருந்துகளில் ஒன்றைக்கூட உட்கொள்ளவில்லை என்று காட்டிற்று. கைராசியின் ஆட்சி டிஸ்சார்ஜ் சீட்டோடு முடிந்துவிடுகிறது.

தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2021 தேர்தலில் ஒற்றைச் செங்கல் ஒரு பிரசாரக் கருவியாயிற்று. 2022இல் முதல் மாணவர்கள் இராமநாதபுரத்தில் தற்காலிக இடத்தில் படிக்கத் தொடங்கினார்கள். இத்தனை ஆண்டுகளாக மதுரையின் மருத்துவ அரசியல் கட்டடத்தைச் சுற்றியே நடந்தது. கட்டடம் வேண்டாம் என்று எந்த மூடனும் சொல்ல மாட்டான். ஆனால் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் மேலூரிலும் வாடிப்பட்டியிலும் நள்ளிரவு இரண்டு மணிக்கு நெஞ்சுவலியோடு வருகிறவருக்குப் பத்து நிமிடத்தில் ஈசிஜியும், தேவையானால் அரை மணி நேரத்தில் ஊசியும் கிடைக்கிறதா என்பதை எந்த மேடையிலும் எவரும் கேட்கவில்லை.

மதுரை மாவட்டத்தின் ஒவ்வொரு மருத்துவமனையும், அரசினுடையதாயினும் தனியாருடையதாயினும், இரண்டு எண்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்: மாரடைப்போடு வந்தவருக்கு எத்தனை நிமிடத்தில் ஊசி போடப்பட்டது அல்லது அடைப்பு திறக்கப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பின் உயிரோடிருக்கிறார்கள். அனுபவ ஆண்டுகளையும் ஆஞ்சியோபிளாஸ்டி எண்ணிக்கையையும் எழுதும் பலகையில் இவற்றுக்கும் இடம் இருக்கும். அதுவரை, பிழைத்து வந்த நண்பர்கள் தங்கள் மருத்துவரைப் பற்றித் தாராளமாக எழுதட்டும். கூடவே, வலி தொடங்கிய நேரத்தையும் சிகிச்சை தொடங்கிய நேரத்தையும், அந்த இடைவெளியைக் குறைத்தவர்கள் யார் என்பதையும் எழுதட்டும். 108 வண்டி ஓட்டுநரும், ஈசிஜி எடுத்த செவிலியரும், 'இது வாயு இல்லை, கிளம்பு' என்று அதட்டிய பக்கத்து வீட்டுக்காரியும் அந்தக் கட்டுரையில் வரட்டும்.