ஊராட்சியை நடத்தக் கற்போம், வாருங்கள்!

2025 ஜனவரி 5-ஆம் தேதி தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. 9,600-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல் போனார். தனி அலுவலர்கள் வந்தார்கள். ஒரு ஒன்றியத்தில் சராசரியாக முப்பது ஊராட்சிகள். அத்தனைக்கும் கையெழுத்துப் போடுகிறவர் ஒரே வட்டார வளர்ச்சி அலுவலர். இது முதல் முறையும் அல்ல. 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்குப் பிறகு மூன்றாண்டுகளுக்கு மேல் தேர்தலே இல்லை. 2019 டிசம்பரில்தான், அப்போது 27 ஆக இருந்த இந்த மாவட்டங்களில் ஓட்டுப் பெட்டி வந்தது. மீதி ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-ஈ பிரிவு சொல்கிறது. யாருக்காவது உறைத்ததா?

சட்டமன்றத்துக்கு இப்படி மூன்றாண்டு தேர்தல் இல்லாமல் இருந்தால் நாடு கொந்தளிக்கும். ஊராட்சிக்கு என்றால் ஊரே பேசாமல் இருக்கிறது. ஏன்? ஊராட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று மக்கள் நினைக்கும்படி அதை வைத்திருக்கிறார்கள். தோழர்களே, நாம் உடைக்க வேண்டியது முதலில் அந்த நினைப்பை.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். சித்திரை மாதம், விடியற்காலை. தொட்டி இயக்குபவர் வந்து சுவிட்சைப் போடுகிறார். மோட்டார் ஓடவில்லை, காயில் எரிந்துவிட்டது. மேல்நிலைத் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தெருக்குழாயடியில் குடங்கள் வரிசையில் ஏறுகின்றன. வேலைக்குப் போக வேண்டிய பெண்கள் நிற்கிறார்கள், பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் நிற்கிறார்கள். மோட்டாரை மேலே தூக்க ஆள் வேண்டும், காயில் கட்டக் காசு வேண்டும். ஊரில் தலைவர் இருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். அவரும் அடுத்த தேர்தலை நினைத்து ஓடுவார். தனி அலுவலரின் வாசல் ஒன்றியத் தலைமையிடத்தில் இருக்கிறது. அங்கே அதே நாளில் இன்னும் நான்கு ஊர்களின் மோட்டார் எரிந்திருக்கும். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. முப்பது ஊரின் தாகத்தை ஒரு மேசையில் வைத்தால் எந்த நல்லவரும் திணறத்தான் செய்வார்.

ஆனால் தலைவர் இருந்த காலத்தில் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்ததா? அதையும் நேராகப் பேசுவோம். எஸ்டிமேட் போட ஓவர்சியர் ஒன்றியத்திலிருந்து வர வேண்டும்; ஒன்றியத்தில் இருப்பவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவு. ஊராட்சிக்கென்று முழுநேர ஊழியர் யார்? செயலர் ஒருவர். வரி வசூல், தீர்மானப் புத்தகம், ஆன்லைன் பதிவு, மேலிடத்துக்கு அறிக்கை எல்லாம் அவர் தலையில். தொட்டி இயக்குபவரும் தூய்மைப் பணியாளரும் கூலியென்று சொல்லவே கூசும் தொகைக்கு உழைக்கிறார்கள். துணை செவிலியர் சுகாதாரத் துறைக்குப் பதில் சொல்கிறார், அங்கன்வாடி ஊழியர் சமூக நலத் துறைக்கு, ஆசிரியர் கல்வித் துறைக்கு. ஒரே தெருவில் வேலை செய்யும் இவர்களில் எவரும் ஊராட்சிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இல்லை.

73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. பதினோராவது அட்டவணை 29 பணிகளை ஊராட்சிகளுக்கு உரியவையாகப் பட்டியலிட்டது: குடிநீர், தொடக்கக் கல்வி, மருத்துவம், சிறுபாசனம், கால்நடை, பொது விநியோகம் என்று. நம் மாநிலம் 1994-ல் ஊராட்சிகள் சட்டம் செய்தது, 1996-ல் தேர்தல் நடத்தியது. அதன்பின் பட்டியல் காகிதத்தில் தங்கிவிட்டது. பணியின் பெயர் ஊராட்சிக்கு, பணம் துறைக்கு, பணியாளர் துறைக்கு. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரைப் பதவியிலிருந்து இறக்கும் அதிகாரம் மட்டும் அந்தச் சட்டத்தின் 205-ஆம் பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியரிடம்!

கேட்டால் என்ன சொல்கிறார்கள்? "ஊராட்சிகளுக்குத் திறன் இல்லை. படிக்காத தலைவர்கள், கணக்குத் தெரியாத உறுப்பினர்கள். கொடுத்தால் பாழாக்கிவிடுவார்கள். முதலில் திறன் வரட்டும், பிறகு அதிகாரம் பற்றிப் பேசலாம்." முப்பது ஆண்டுகளாக இதே பேச்சு. தோழர்களே, இதுதான் நமக்கு எதிராக நிற்கும் மிகப் பெரிய பொய். நீச்சல் தெரிந்த பிறகு கிணற்றில் இறங்கினால் போதும் என்று சொல்கிறவர் பிள்ளையை ஒருநாளும் கிணற்றுப் பக்கம் விடப்போவதில்லை. திறன் இல்லாததால் அதிகாரம் தராமல் இருக்கவில்லை. அதிகாரம் தராததால்தான் திறன் வளரவில்லை.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம் போனால் போதும். 1996 ஆகஸ்ட் 17-ல் கேரளம் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என்று அறிவித்தது. அன்று அங்கேயும் ஊராட்சிகளுக்கு ஆளில்லை, அனுபவமில்லை. அதனால் அவர்கள் காத்திருக்கவில்லை. பணத்தை முதலில் கொடுத்தார்கள், அந்தப் பணத்தைச் செலவிடும் பொறுப்பே எல்லோரையும் கற்க வைத்தது. வார்டு வார்டாக கிராம சபை, அதன்மேல் வளர்ச்சிக் கருத்தரங்கு, ஊரின் நிலையை ஊராரே எழுதிய அறிக்கை, லட்சக்கணக்கானவர்களுக்குப் பயிற்சி.

முதலாண்டில் போட்ட திட்டங்களில் பல அரைகுறையாக இருந்தன. எஸ்டிமேட் தவறு, தொழில்நுட்பம் தவறு. உடனே "பார்த்தீர்களா, திறனில்லை" என்று நிதியைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. ஓய்வுபெற்ற பொறியாளர்கள், மருத்துவர்கள், வேளாண் அலுவலர்கள், பேராசிரியர்களைத் தொண்டர் தொழில்நுட்பப் படையாகத் திரட்டி, திட்டங்களைச் சரிபார்க்க ஊராட்சிகளோடு உட்கார வைத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளி, கிருஷி பவன் என்னும் வேளாண் அலுவலகம் எல்லாம் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. 1998-ல் குடும்பஸ்ரீ என்னும் மகளிர் குழு அமைப்பு பிறந்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது அந்த உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ பெண்களும் சேர்ந்து சமூக சமையற்கூடங்களை நடத்தி ஊருக்குச் சோறு போட்டார்கள். கால் நூற்றாண்டாகக் கைப்பழக்கத்தில் வளர்ந்த திறன் அது. ஒரு வாரத்தில் வந்ததில்லை.

நம் ஊர் மட்டும் இளைத்ததா? மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி கடன் வாங்கிச் சொந்தமாகக் காற்றாலை நிறுவியது. அதில் விளையும் மின்சாரத்தை விற்று வருமானம் பார்த்தது. திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கம், சாதி வாரியாகப் பிரிந்து கிடந்த குடியிருப்புகளுக்கு நடுவே எல்லோரும் கலந்து வாழும் சமத்துவக் குடியிருப்பைக் கட்டியது. இடம் கிடைத்த ஊர் செய்துகாட்டியது. இந்த இரண்டு பெயர்களையே நாம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேதனை. ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள் உள்ள மாநிலத்தில் இது விதிவிலக்காக இருக்கக் கூடாது, வழக்கமாக வேண்டும்.

ஊராட்சித் தலைவர் நாற்காலி நமக்குச் சும்மா கிடைத்ததும் அல்ல. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியின் தலைவராக வென்றதற்காக முருகேசனை 1997 ஜூன் 30-ல் ஓடும் பேருந்தை மறித்து, உடன் வந்தவர்களோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகாச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் தலித் தலைவர் ஒருவர் நிம்மதியாகப் பதவியில் அமர 2006 வரை ஆனது. இன்றும் சாதியின் பெயரால் நாற்காலி மறுக்கப்பட்ட, கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்ட தலைவர்களின் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். தலித் பெண் தலைவரானால் அந்த இரண்டாவது கையெழுத்தையே ஆயுதமாக்கி, சம்பளப் பட்டியலைக்கூட நிறுத்திவைக்கிறார்கள். ஆக, திறன் வளர்ப்பது என்பது வெறும் பயிற்சி வகுப்பு விஷயம் இல்லை. சட்டம் தெரிந்த, கணக்குத் தெரிந்த, பின்னால் ஊர் நிற்கிற ஒரு பெண்ணைத் தள்ளிவைப்பது கடினம். அவர் தனியாக விடப்படும்போதுதான் மற்றவர் கை ஓங்குகிறது.

அதனால் அரசிடம் நாம் கேட்பது தெளிவாக இருக்கட்டும். ஐந்தாண்டு முடியும் முன் தேர்தல். ஒரு நாள் தாமதமும் கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லையென்றால் மத்திய நிதிக்குழுவின் மானியம் நிற்கிறது; தேர்தலைத் தள்ளிப்போடுகிறவர் ஊரின் குடிநீர்க் காசிலும் கை வைக்கிறார். 29 பணிகளில் ஊராட்சியால் நடத்தக்கூடியவற்றை, பணத்தோடும் பணியாளரோடும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். துணைச் சுகாதார நிலையமும் அங்கன்வாடியும் முதலில் வரட்டும். சில ஊராட்சிகளுக்குச் சேர்த்தாவது ஒரு பொறியாளர், ஒரு கணக்காளர். தொட்டி இயக்குபவருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் வாழத்தக்க ஊதியம், கையுறை, காலணி, பணிப் பாதுகாப்பு. பதவியேற்ற முதல் மாதத்திலேயே வார்டு உறுப்பினர் வரைக்கும் பயிற்சி. மறைமலைநகரில் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, ஆனால் பயிற்சி ஒன்றியத்துக்கு வர வேண்டும், திரும்பத் திரும்ப வர வேண்டும்.

கேட்பதோடு நம் வேலை முடிந்ததா? இல்லை, தோழர்களே. தேர்தல் தேதிக்காகக் காத்திருக்காமல் நாம் இன்றே தொடங்கக்கூடிய வேலைகள் இருக்கின்றன.

ஊருக்கு ஒரு படிப்பு வட்டம் தொடங்குங்கள். ஐந்து பேர் போதும். அதில் மூவர் பெண்களாக இருக்கட்டும், ஏனென்றால் தலைவர், உறுப்பினர் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. வாரம் ஒரு மாலை ஊராட்சிகள் சட்டத்தை வரிவரியாகப் படியுங்கள். இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியின் திட்டமும் செலவும் கிடைக்கும். அதை அச்செடுத்து, பணி நடந்த இடத்துக்குப் போய் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஊரின் சொத்துக் கணக்கை எடுங்கள். எத்தனை ஆழ்துளைக் கிணறு, எதில் தண்ணீர் இருக்கிறது, எந்த மோட்டார் எத்தனை குதிரைத்திறன், எந்தத் தெருவின் கடைசி வீட்டுக்குக் குழாயில் தண்ணீர் ஏறவில்லை, எந்த ஏரியின் மதகு உடைந்திருக்கிறது. இந்தக் கணக்கு கையில் இருக்கும் ஊரிடம் எந்த அதிகாரியும் சாக்குச் சொல்ல முடியாது. நாளை தலைவராகிறவர் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

ஓய்வுபெற்ற தோழர்களே, உங்களைத் தனியே அழைக்கிறோம். ஓவர்சியராக, வங்கி ஊழியராக, தலைமையாசிரியராக, சுகாதார ஆய்வாளராக முப்பது வருடம் உழைத்தீர்கள். அந்தக் கைப்பழக்கம் வீட்டுத் திண்ணையில் கிடக்க வேண்டாம். ஒரு எஸ்டிமேட்டை எப்படிப் படிப்பது, அளவுப் புத்தகத்தில் எதைப் பார்ப்பது என்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒன்றியத்துக்குப் பத்துப் பேர் சேர்ந்தால் அதுவே நம் தொழில்நுட்பப் படை.

வீட்டு வரியைக் கட்டுவோம், கட்டச் சொல்வோம். கசப்பான பேச்சுதான்; பேசாமல் முடியாது. மேலிருந்து வருவதையே நம்பியிருக்கும் ஊராட்சி மேலே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருக்கும். ஊர்க்காசில் நடக்கும் ஊராட்சியை ஊரால் கேள்வி கேட்க முடியும்.

கிராம சபையைக் கைப்பற்றுங்கள். ஆண்டுக்கு ஆறு நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தனி அலுவலர் இருந்தாலும் இந்தச் சபை கூடியே ஆக வேண்டும். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊரில் நூறு பேர் வந்தால் குறைவெண் வரம்பு நிறைந்துவிடும். அந்த நூறு பேரை வேறு யாரோ வேனில் ஏற்றி வருவதற்குப் பதில் நாம் திரட்டுவோம். வரவு செலவைக் காட்டும் படிவம் 30-ஐ உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தீர்மானத்தை எழுதி முடித்துப் படித்துக் காட்டும் வரை யாரும் எழுந்து போகாதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

முன்னாள் தலைவர்களே, வார்டு உறுப்பினர்களே, செயலர்களே, தொட்டி இயக்கும் தோழர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே! "உங்களுக்கு நடத்தத் தெரியாது" என்று சொல்லியே முப்பது ஆண்டுகளை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். இனி ஓராண்டையும் கொடுக்க மாட்டோம். பணி, பணம், பணியாளர் மூன்றும் ஊருக்கு வேண்டும். அவற்றை நடத்தும் அறிவு ஊரிலேயே வளர வேண்டும். இந்த வாரமே ஐந்து பேரைச் சேருங்கள். வரும் கிராம சபைக்குள் ஊரின் கணக்கை முடியுங்கள். கணக்கோடு வாருங்கள், கேள்வியோடு வாருங்கள், திரளாக வாருங்கள்!