பரணில் கிடக்கும் சைலன்சர்

காரை மாற்றிக் கொடுக்கும் பட்டறைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தால் பரணில் சைலன்சர்கள் அடுக்கிக் கிடக்கும். அவற்றில் உடைசலும் துருவும் இருக்காது. கம்பெனி மாட்டி அனுப்பியவை, இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. வாரண்டிக்குள் கம்பெனி சர்வீஸுக்கு வண்டியை விட வேண்டிய நாள் நெருங்கினால் அவற்றில் ஒன்று பரணை விட்டு இறங்கும். எஞ்சினை ஆளும் ஈசியூவில் ஏற்றியிருந்த மேப் என்னும் மாற்றுக் கட்டளைக் கோப்பை அழித்துவிட்டு, கம்பெனி ஃபைலை மறுபடி ஏற்றுவார்கள். சர்வீஸ் முடிந்து வண்டி திரும்பிய அன்று மாலையே சைலன்சர் கழன்று பரணேறிவிடும். காரை விற்கும்போதும் இதே கதைதான்.

இந்தப் பரணின் மீதுதான் நம் குற்றச்சாட்டு. காரை மாற்றுவது பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. மாற்றியதை ஒளிப்பது தவறு. ஒளித்தாக வேண்டிய மாற்றம் என்று தெரிந்தே காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்து கொடுப்பது, ஒளிப்பதைவிடப் பெரிய தவறு.

மாற்றத் தெரிந்த கைக்குத் தமிழ்நாடு கடன்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில், 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலத்தில், பந்தயக் காரை வெளிநாட்டிலிருந்து தருவிப்பது எளிதாக இல்லை. பியட்டையும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டையும் பிரித்துப் போட்டு, ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனை ஏற்றி, கார்புரேட்டரை மாற்றித்தான் ஓட்டினார்கள். அந்தப் பரம்பரையில் வந்தவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை; நூலைவிட எஞ்சின் பிடித்துப்போனவர். பால் வாங்கவும் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விடவும் போய்க்கொண்டிருந்த மாருதி 800-இன் மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சினை எடுத்து, அதைச் சுற்றி ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நாராயண் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது, ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள தடத்தில், அந்த ஃபார்முலா மாருதியில்தான். 1995-இல் சிறு விமானம் ஒன்று விழுந்து கரிவரதன் இறந்தார். 2003-இல் செட்டிப்பாளையத்தில் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

கரிவரதன் செய்ததும் மாற்றம்தான். ஆனால் பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு வண்டியையும் பரிசோதகர்கள் பார்ப்பார்கள். மூடியைத் திறக்கச் சொல்வார்கள், எடை போடுவார்கள், பிரேக்கை மிதித்துப் பார்ப்பார்கள், பெல்ட்டை இழுத்துப் பார்ப்பார்கள். சரியில்லை என்றால் வண்டி தடத்தில் ஏறாது. எவ்வளவு வேகமான வண்டியோ அவ்வளவு கறாரான சோதனை என்பது பந்தய உலகத்தின் எழுதாத சட்டம். சாலையில் ஓடும் மாற்றிய காருக்கு இந்தச் சோதனை எதுவும் கிடையாது. அதன் திறமையெல்லாம் யார் கண்ணிலும் படாமல் தப்புவதில் செலவாகிறது.

என்ன மாற்றுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1.2 லிட்டர் டர்போ எஞ்சினோடு இங்கே விற்ற போலோ ஜிடியை எடுத்துக்கொள்வோம். கம்பெனி கொடுத்தது 105 குதிரைத்திறன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சொருகியில் லேப்டாப்பை இணைத்து வேறு மேப்பை ஏற்றினால் டர்போ கூடுதல் அழுத்தத்தில் காற்றைத் தள்ளும், தீப்பொறி பாயும் நேரம் மாறும், வண்டி வேறு வண்டியாகப் பாயும். பானட்டைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் பிரேக் அதே பழைய பிரேக், டயர் அதே டயர், கிளட்ச் அதே கிளட்ச். அறுபதில் போகும் காரை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலைப் போல நான்கு மடங்கை நூற்றிருபதில் விழுங்க வேண்டும். வேகம் இரட்டித்தால் சுமை நாலு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு. அந்த நாலு மடங்குச் சூடும் டிஸ்க்கிலும் பேடிலும்தான் இறங்கும். மீண்டும் மீண்டும் மிதித்தால் பேட் பிடிப்பை இழக்கும், ஆயில் கொதிக்கும், பெடல் தரை வரை போகும். இது தெரியாத மெக்கானிக் எந்த ஊரிலும் இல்லை. தெரிந்தும் "பிரேக்கை அப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்று அவர் சொல்லும் இடத்தில்தான் தொழில் தர்மம் செத்துப்போகிறது.

ஸ்பிரிங்கை இரண்டு சுற்று வெட்டி வண்டியைத் தரையோடு இறக்குவதும் அப்படித்தான். வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராது. ஒரு பள்ளத்தில் சக்கரம் தரையை விட்டால் போதும், ஸ்டியரிங் நம் பேச்சைக் கேட்காது. முன்பக்கம் மாட்டும் இரும்புக் கம்பியை 2017 டிசம்பரில் மத்திய அரசு தடை செய்தது. மோதலை உணர்ந்து ஏர்பேக்கை விரிக்க வேண்டிய சென்சாரை அது ஏமாற்றிவிடும். நடந்து போகிறவர் மேல் பட்டால் அவர் எலும்பு நொறுங்கும். அது இன்னும் தெருவெங்கும் பளபளக்கிறது.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்னால் படபடவென்று வெடி வெடிக்கும்படி மேப் எழுதுகிறார்கள். எஞ்சினுக்குள் எரிந்திருக்க வேண்டிய பெட்ரோலை, தீப்பொறியைத் தாமதப்படுத்தி, புகைக்குழாய்க்குள் தள்ளி அங்கே வெடிக்க வைப்பதுதான் அந்தச் சத்தம். அந்தச் சூட்டைத் தாங்காது என்று கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கழற்றிவிடுவார்கள். கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் கொண்டு தணிக்கும் அந்தச் சிறு உருளை போனபின், வண்டி விடும் நச்சு முழுதும் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் குழந்தையின் மூக்குக்கு நேராகப் போகிறது. வண்டியின் சக்தி அரை குதிரைத்திறன்கூட அந்த வெடியால் கூடுவதில்லை. இரவு பதினொன்றுக்கு மேல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். தூங்கி எழும் கைக்குழந்தையின் அலறலைச் சொல்வார்கள். அந்தக் குழந்தையோ அதன் பாட்டியோ இந்த ஆட்டத்துக்குச் சம்மதித்தவர்கள் அல்ல. சோழவரத்துக்குப் போனவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள். வேகம் பிடித்தவரின் ஆசைக்கான விலையை வேகம் வேண்டாதவர் கட்டக்கூடாது என்பதே இந்த விஷயத்தில் நம் அளவுகோல். இதை வைத்துப் பார்த்தால் அந்த வெடிச்சத்தத்துக்கு மன்னிப்பே இல்லை.

ஓட்டுகிற பையனைக் கேட்காமல் விட முடியாது. ஸ்டியரிங் அவன் கையில்தான் இருக்கிறது. சாவியைக் கொடுத்த தகப்பனையும் விட முடியாது. வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது, அது நியாயம். ஆனாலும் முதல் பொறுப்பை நாம் பட்டறை முதலாளியின் மேல்தான் வைக்கிறோம். இருபது வயதுக்காரனுக்கு ஆசை தெரியும், பேட் எந்தச் சூட்டில் வழுக்கும் என்று தெரியாது. தெரிந்தவர் அவர். நோயாளி கேட்டான் என்று விஷத்தை எழுதிக் கொடுத்த டாக்டரை யாரும் வியாபாரி என்று சொல்லி விட்டுவிடுவதில்லை.

நடைமுறையில் சட்டமோ இந்த முதல் பொறுப்பாளியைப் பார்ப்பதே இல்லை. கம்பெனி குறித்த அமைப்பிலிருந்து, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. அந்தத் தண்டனை வண்டியின் சொந்தக்காரருக்கு. எங்கே யார் மாற்றியது என்று கேட்கும் வழக்கமில்லை. சொந்தக் கார் ஒன்றை ஆர்டிஓ அலுவலகம் மறுபடி முறையாகப் பார்ப்பது பதினைந்தாம் ஆண்டில், ஆர்.சி.யைப் புதுப்பிக்கும்போது. இடைப்பட்ட காலத்தில் புகைச் சான்றிதழ் ஒன்றுதான் கேள்வி. அதிலும் நின்றபடி ஓடும் எஞ்சினைத்தான் சோதிக்கிறார்கள். பெரிய டிஸ்க்கும் நல்ல பேடும் வாங்கி மாட்டியவருக்கு, அதைக் காட்டிச் சான்று வாங்கிச் சட்டப்படி ஓட்ட எளிய வழி ஏதும் இல்லை. எதைச் செய்தாலும் திருட்டுத்தனம்தான் என்றால் நல்லதைச் செய்ய யாருக்கு மனம் வரும்? இந்தத் தவறு அரசுடையது.

ஜெர்மனியில் மாற்றிய பாகத்தை டியூவி போன்ற அமைப்பின் பொறியாளர் பார்த்து ஒப்ப வேண்டும். ஒப்பினால் அது வண்டியின் ஆவணத்திலேயே ஏறும். போலீஸ்காரர் நிறுத்தினால் காகிதத்தைக் காட்டிவிட்டுப் போகலாம். ஜப்பானில் புதிய காருக்கு மூன்றாண்டில் முதல் பரிசோதனை, பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை. அந்த நாட்டில்தான் 1989-இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் 2.6 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சினை, கம்பெனி சொன்ன 280 குதிரைத்திறனிலிருந்து இரு மடங்குக்கும் மேலே கொண்டுபோன பட்டறைகள் பேர் வாங்கின. மலைப்பாதைகளில் இரவில் ஒளிந்து வழுக்கி ஓட்டிய டிரிஃப்டிங், 2001-இல் டி1 கிராண்ட் பிரி என்ற பந்தயமாக வெளிச்சத்துக்கு வந்தது. மலைப்பாதைக் கூத்து அங்கே ஒழிந்துவிடவில்லை. ஆனால் கையில் வித்தை இருப்பவனுக்குப் பகலில் ஓட்ட ஓர் இடம் கிடைத்தது.

நம்மிடம் தடம் இல்லாமல் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இருக்கிறது, செட்டிப்பாளையத்தில் இருக்கிறது. 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடத்த அரசே சாலையைத் தந்தது. நகரத்து நடுவே ஃபார்முலா 4 ஓட்ட வழி செய்ய முடிந்த அரசுக்கு, மாற்றும் பட்டறைகளுக்கு உரிமம் கொடுக்கவும், மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றவும், ஏற்றிய பக்கத்தில் பட்டறைக்காரரின் பெயரும் முத்திரையும் விழ வைக்கவும் முடியாதா? விபத்து நடந்தால் அந்த முத்திரையைப் பார்த்து நீதிமன்றம் அவரையும் கூண்டில் ஏற்றட்டும். இது சட்டசபையின் அடுத்த கூட்டத்திலேயே பேசக்கூடிய விஷயம்.

சட்டம் வரும்வரை பட்டறைக்காரர்கள் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை ஒரு பையன் வந்து "ஸ்டேஜ் ஒன் மேப் போட்டுவிடுங்கண்ணா" என்று கேட்டால், லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் வண்டியை ஜாக்கியில் தூக்குங்கள். சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த பேடை அவன் உள்ளங்கையில் வையுங்கள். அது மாறும்வரை மேப் கிடையாது என்று சொல்லுங்கள். அவன் சைலன்சரையும் மாற்றச் சொன்னால், பரணில் இடமில்லை என்று சொல்லி அனுப்புங்கள்.