தராசில் ஏறாத பன்னிரண்டு வருடம்!

கோட்டாறு கம்போளத்தில் கடை வைத்திருக்கும் வியாபாரிகளே! தக்கலையிலும் குளச்சலிலும் வளைகுடா விசாவுக்குக் காத்திருக்கும் இளைஞர்களே!

எடையில் மோசடி செய்பவனின் கதி என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்துக்குப் பெயரே அவர்களைக் கொண்டுதான். கடைத் தராசுக்கு அஞ்சும் நாம், நம் பிள்ளைகளின் படிப்பை நிறுக்கும் தராசை மட்டும் ஏன் உற்றுப் பார்ப்பதில்லை?

1984 முதல் 2006 வரை தமிழகத்தில் நுழைவுத் தேர்வு இருந்தது. மருத்துவத்துக்கு உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என பிளஸ் டூ மார்க்கை 200க்குச் சுருக்கி, நுழைவுத் தேர்வின் 100ஐக் கூட்டி, 300க்கு ரேங்க் போட்டார்கள். அதுவே பட்டணத்துப் பிள்ளைகளுக்குச் சாதகம் என்றுதான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஆனாலும் அந்தத் தராசில் பள்ளிக்கூடத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு இருந்தது!

2017 முதல் நீட். 180 கேள்வி, 720 மார்க். பிளஸ் டூவில் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், நமக்கு 40 சதவீதம் எடுத்தால் வாசலைத் தாண்டலாம். அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு மார்க்கும் பூஜ்யம்! அரியலூர் மாணவி அனிதா 1200க்கு 1176 எடுத்தார்; நீட்டில் 86. அந்த 1176 எந்தத் தட்டிலும் ஏறவில்லை. 2017 செப்டம்பரில் அந்தப் பிள்ளையையே இழந்தோம்.

"நமக்குத்தான் 3.5 சதவீதம் இருக்கிறதே" என்பீர்கள். 2007ல் போராடிப் பெற்றோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த 3.5க்குள்ளும் வரிசை நீட் ரேங்க்தானே! பிள்ளையை இரண்டு வருடம் வீட்டிலிருத்தி கோச்சிங்குக்குப் பணம் கொட்டுகிறவர் மகன் முன்னே. சைக்கிளில் துணி விற்பவர் மகள் பின்னே.

இதைவிடக் கசப்பான ஒன்று உண்டு. 2020ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே. நம் முன்னோர் வயிற்றைக் கட்டி எழுப்பிய அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு அது கிடையாது. அங்கேயும் அதே சத்துணவு, அதே வறுமை! இதை எத்தனை ஜமாஅத் அரசுக்கு எழுதிக் கேட்டது? நான் பயான் செய்யப் போன மஹல்லாக்களில் பலருக்கு விஷயமே தெரியவில்லை. பிறை விவகாரத்துக்கு மட்டும் இரவெல்லாம் கூடிப் பேசுகிறோம்!

நீட் விலக்கு மசோதா 2021லும் 2022லும் சட்டமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்ததாக 2025 ஏப்ரலில் மு.க. ஸ்டாலின் அவையில் அறிவித்தார். அந்தப் போராட்டம் நீளட்டும். அதுவரை நம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

வருகிற ஜும்ஆவுக்குப் பின் கால் மணி நேரம் பள்ளிவாசலில் உட்காருங்கள். உதவி பெறும் பள்ளிகளையும் 7.5க்குள் சேர்க்கக் கோரித் தீர்மானம் எழுதி முதல்வருக்கும் உங்கள் எம்.எல்.ஏ.வுக்கும் அனுப்புங்கள். வியாபாரிகளே, ஒரு வலீமா விருந்தின் செலவில் எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு வருடப் பயிற்சி கொடுக்கலாம் என்று உங்கள் கணக்குப் பிள்ளையிடமே கேளுங்கள். ஆசாரிப்பள்ளத்தில் 2001 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் மஹல்லாவிலிருந்து அங்கே நோயாளியாக இல்லாமல், படிக்கப் போனவர் எத்தனை பேர் என்றும் அப்படியே எண்ணிப் பாருங்கள்.