வரிசையில் நிற்கும் காய்ச்சல்

என் மனைவிக்குக் கீமோதெரபி நடந்துகொண்டிருந்த காலம். இரண்டாம் சுழற்சி முடிந்த ஒன்பதாம் நாள் இரவு அவருக்கு உடல் கொதித்தது. வெப்பமானி 101 டிகிரி காட்டியது. 100.4 டிகிரியைத் தொட்டால் நேரம் பாராமல் தெரிவிக்க வேண்டும் என்று சிகிச்சைக் கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் அந்நாட்களில் தொற்றுக்குக் காய்ச்சலைத் தவிர வேறு அறிகுறியே இல்லாமற் போகலாம். நோயெதிர் மருந்தைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும்.

அப்போது நாங்கள் சிகிச்சை பெற்றுவந்த மருத்துவமனையை அழைத்தேன். முன்பதிவுக்கு ஒன்று, ஆய்வக முடிவுகளுக்கு இரண்டு, காப்பீட்டுக்கு மூன்று எனப் பதிவுக்குரல் அடுக்கிக்கொண்டே போயிற்று. காய்ச்சலுக்கு எண் இல்லை. 'பிற' என்பதை அழுத்தினேன். பின்னர் வீணையிசை. பதினொரு நிமிடங்கள் கேட்டபின் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஆட்டோவில் புறப்பட்டோம். (வீணை எனக்கு மிகவும் பிடித்த வாத்தியம், இப்போது சற்றுக் குறைந்திருக்கிறது.)

தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே கருவியின்மீது எனக்குக் கோபமில்லை. வரும் அழைப்புகளை வரிசையில் நிறுத்தி, நெடுநேரமாக ஓய்வாக இருக்கும் ஊழியருக்கு முதலில் அனுப்புவதே தானியங்கி அழைப்புப் பகிர்வு. அது வருமுன் இருந்த நிலையை மறந்துவிட்டவர்களே பழைய காலத்துக்காக ஏங்குவார்கள். அன்று கிடைத்தது 'எங்கேஜ்ட்' ஒலி மட்டுமே. மீண்டும் மீண்டும் சுழற்றியவருள் அதிர்ஷ்டசாலிக்கு இணைப்புக் கிட்டியது. வரிசை அதைவிட நியாயமானது.

ஆயினும் முதலில் வந்தவருக்கு முதலில் என்ற நியாயம் மின்கட்டண அலுவலகத்துக்குப் பொருந்தும், மருத்துவமனைக்குப் பொருந்தாது. அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் நெஞ்சுவலியோடு வந்தவரை, விரலில் கீறலோடு முன்னரே வந்தவரின் பின்னால் யாரும் அமர்த்துவதில்லை. ஒரு செவிலியர் பார்த்து, நோயின் கடுமையைக் கொண்டு தரம் பிரிக்கிறார். அதே கட்டடத்தின் தொலைபேசி மட்டும் காய்ச்சலையும் காப்பீட்டு ஐயத்தையும் ஒரே கயிற்றில் கட்டுவானேன்?

இதற்குப் புதுக் கருவி வாங்க வேண்டியதில்லை. முன்னுரிமை வரிசை என்பது இத்தகைய அமைப்புகளில் பரவலாக உள்ள வசதிதான். சிகிச்சையிலிருப்போரின் பதிவுசெய்த எண்ணிலிருந்து வரும் அழைப்பை அடையாளம் கண்டு, நேரே புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியருக்கு அனுப்பலாம். முதல் தெரிவாகவே, 'கீமோதெரபிக்குப் பின் காய்ச்சலா? ஒன்றை அழுத்துங்கள்' என்று சொல்லலாம். எல்லாரும் ஒன்றையே அழுத்துவார்கள் என்று நிர்வாகத்தினர் சொல்வதுண்டு. சிலர் அழுத்தத்தான் செய்வார்கள். இரண்டு கேள்வி கேட்டால் செவிலியருக்கு விளங்கிவிடும். உரிய இடத்துக்கு அவரே மாற்றிவிடுவார்.

இன்னொரு தடை ஆள்பற்றாக்குறை. இங்கே கணக்கு உதவும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த எர்லாங் என்ற டென்மார்க் நாட்டுக் கணிதர் 1917இல் வெளியிட்ட சூத்திரங்கள் இன்றும் பயன்படுகின்றன. நால்வர் அமர்ந்திருக்கிறார்கள், ஓர் அழைப்புக்குச் சராசரியாக மூன்று நிமிடம் என்று கொள்வோம். மணிக்கு 60 அழைப்புகள் வந்தால் காத்திருப்பு சராசரியாக ஒன்றரை நிமிடம். அழைப்புகள் 72 ஆனாலோ, ஏறக்குறைய ஆறு நிமிடம்! அழைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூட, காத்திருப்பு நான்கு மடங்காகிறது. ஐந்தாவதாக ஒருவரை அமர்த்தினால் அதே 72 அழைப்புக்கும் காத்திருப்பு ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஊழியர் அனைவரும் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதைத் திறமையின் அடையாளமாகக் கருதும் மேலாளர்கள் இதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மாதாந்தர அறிக்கையில் சராசரிக் காத்திருப்பை மட்டும் பார்ப்பதும் போதாது. அன்றிரவு துண்டித்த என் அழைப்பு, 'கைவிடப்பட்டவை' என்ற பத்தியில் ஓர் எண்ணாக விழுந்திருக்கும். அந்தப் பத்தியிலுள்ளவர்களை மறுநாள் காலையிலாவது யாரேனும் திரும்ப அழைத்தார்களா என்பதே நான் கேட்க விரும்புவது. எங்களை யாரும் அழைக்கவில்லை.

வாசகர்கள் அதுவரை வாளாவிருக்க வேண்டாம். வீடு திரும்பும் நாளில், இரவில் செவிலியரிடம் நேரே ஒலிக்கும் எண் எது என்று கேட்டு வாங்குங்கள். வார்டிலிருந்தே ஒருமுறை அழைத்துச் சரிபாருங்கள். இணைப்புக் கிடைத்ததும் பெயருக்கும் முன்பாக, 'கீமோதெரபி நோயாளி, காய்ச்சல்' என்று சொல்லுங்கள். பதில் கிட்டாவிடில் காத்திராமல் அவசரப் பிரிவுக்கே புறப்படுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் 108ஐ அழையுங்கள்.

என் மனைவி இப்போது நலமாக இருக்கிறார். அந்த நேரடி எண்ணை வெப்பமானிப் பெட்டியின் மூடியில் அவரே எழுதி ஒட்டியிருக்கிறார்.